ஓரச் சிப்பாய் விளைவு

வல்லரசுவை உறவினர் எவரும் பெயர் சொல்லி அழைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்யாண வீடாயினும் காரிய வீடாயினும் “பிஎச்டி வந்துட்டாரா?” என்றுதான் கேட்பார்கள். பட்டம் வாங்கியவரை அப்படி அழைத்தால் அது மரியாதை. ஒன்பது ஆண்டுகளாகப் படித்துக்கொண்டே இருப்பவரை அப்படி அழைத்தால் அதன் பொருள் வேறு. அந்த வேறுபாடு அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், “வந்துட்டேங்க” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்.

தண்டராம்பட்டுப் பக்கத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையைப் பயிரிடும் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. நாற்பத்து மூன்று வயதில், தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினித் துறையில் உதவிப் பேராசிரியர். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தார். கீழ்த்தளத்தில் ஒரு கஃபே. அங்கே பல நாட்டு மக்களும் எண்ணங்களை நிறுத்தும் முயற்சியில் கண்களை மூடி அமர்ந்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே வல்லரசுவின் மடிக்கணினி, வினாடிக்கு இலட்சக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும்.

அது எண்ணியது சதுரங்கம். சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரிக்கு முப்பது பதில் உண்டு. அந்த முப்பதுக்கும் நமக்கு முப்பது முப்பது. இப்படிக் கிளை விட்டுப் போகும் மரத்தில் நல்ல கிளை எது என்று கணினி எப்படித் தேடுவது? இதற்கு இரண்டு வழிகள் பெயர் பெற்றவை. வல்லரசு இரண்டுக்கும் ஒவ்வொரு நிரலை எழுதி, ஒன்றுக்குக் கணக்குப்பிள்ளை என்றும் மற்றொன்றுக்கு ஊர்சுற்றி என்றும் பெயரிட்டிருந்தார்.

கணக்குப்பிள்ளையின் வழியை உலகம் ஆல்ஃபா-பீட்டா என்று அழைக்கிறது. எதிரி எப்போதும் தன்னால் இயன்ற மிகச் சிறந்த அடியையே கொடுப்பான் என்று முன்கூட்டியே அஞ்சி, அந்த அடிக்குப் பின்னும் எது மிஞ்சும் என்று பார்ப்பது அது. கையில் இருப்பதைவிட ஒரு கிளை மோசம் என்று தெரிந்த கணமே அதை வெட்டிவிடும். மேற்கொண்டு ஏறிப் பார்க்காது. ஊர்சுற்றியின் வழி மாண்டி கார்லோ. அவன் அஞ்சுவதில்லை. மனம் போன போக்கில் ஆயிரம் ஆட்டங்களைக் கடைசிவரை ஆடிப் பார்த்து, எந்தக் கிளைப் பக்கம் போனால் அதிகம் ஜெயிக்கிறோம் என்று கூட்டிப் பார்த்துக்கொள்வான்.

வல்லரசுவின் ஆய்வேடு இந்த இரண்டையும் ஒப்பிட்டது. சாதாரண வீட்டுக் கணினியில் கணக்குப்பிள்ளையே மேல் என்பது அவர் கொள்கை. கொள்கை என்பதைவிட அது அவருடைய சுபாவம் என்பதே சரி. ஆட்டோவில் ஏறும்போதே, ஓட்டுநர் அதிகபட்சம் என்ன கேட்பார், அதற்கு மேல் சில்லறை இல்லை என்று எப்போது சொல்வார் என்றெல்லாம் யோசித்து, கடைசியில் நடந்தே போய்விடுவார். பெண் தேடிய காலத்தில் ஒரு ஜாதகத்தில் ஒரு குறை கண்டால் அடுத்த பக்கத்தைப் புரட்டியதில்லை. அப்படி வெட்டியது போக எஞ்சியவர் கவிநிலா. விருந்தினர் விடுதி ஒன்றின் வரவேற்பில் வேலை பார்ப்பவர். எந்தக் கடையிலும் எதையும் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டே முடிவு செய்பவர்.

“வெட்டுனது போக மிச்சம் நின்னதால கட்டிக்கிட்டீங்க. நல்லவேள, எங்கப்பா ஜாதகத்த லேட்டா அனுப்புனாரு” என்பார் அவர்.

அந்தத் தை மாதம் கவிநிலாவின் தந்தை இராமலிங்கம் வந்து சேர்ந்தார். வேங்கிக்காலில் மகளும் மருமகனும் கட்டத் தொடங்கிய வீட்டை மேற்பார்வையிட வந்தவர். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் நல்ல நேரம் தவறி ஒரு கோப்பிலும் கையெழுத்திட்டதில்லை என்பதைத் தமது சாதனையாகச் சொல்வார். அந்தக் கோப்புகளுக்காகக் காத்திருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை.

வீடு ஆவணியில் முடியும் என்று கொத்தனார் சொன்னார். ஆய்வேடும் ஆவணிக்குள் முடியும் என்று வல்லரசு சொன்னார். இருவரில் கொத்தனாரை மட்டும் சந்தேகித்த இராமலிங்கம், புதுமனை புகுவிழா அழைப்பிதழைச் சித்திரையிலேயே அச்சடித்துவிட்டார். அதில், “முனைவர் வல்லரசு – கவிநிலா” என்று தங்க எழுத்தில் இருந்தது.

“மாமா, இன்னும் வைவா முடியலியே. எப்டிப் போட்டீங்க?”

“அதுக்கின்னா மாப்ள, விசேஷத்தன்னிக்கு இருப்பீங்கல்ல? பத்திரிகை விசேஷத்தன்னிக்குத்தான் பேசுது. இன்னிக்கு இல்ல.”

“ஒருவேள தள்ளிப்போனா?”

“ஐந்நூறு அடிச்சாச்சு. முந்நூறு குடுத்தாச்சு. தள்ளிப்போறதுக்கு இனிமே எடம் இல்ல.”

அன்று முதல் வல்லரசுவுக்குப் பட்டம் என்பது படிப்பின் முடிவாக இல்லாமல், முந்நூறு வீடுகளில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்ட ஒரு செய்தியாயிற்று. ஆவணிக்குள் முனைவராக வேண்டும். இல்லையேல் தம் பெயருக்கு முன்னால் தாமே ஒரு பொய்யைப் போட்டுக்கொண்டவராக வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட வேண்டும்.

அழைப்பிதழ் அச்சாவதற்குச் சற்று முன்னரே இறுதிப் போட்டி நடந்து முடிந்திருந்தது. மாசியிலும் பங்குனியிலுமாக ஐம்பது ஆட்டங்கள். நாளுக்கு ஓர் ஆட்டம். நகர்வு ஒன்றுக்குப் பத்து நிமிடம் வரை யோசிக்கலாம். விடியற்காலையில் வல்லரசு ஆட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பார். மாலை திரும்பி வந்து முடிவைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கவிநிலாவும் பிற்பகலிலேயே கிரிவலம் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் கணினிக்குத் துணை இராமலிங்கம் மட்டும்.

முடிவு வல்லரசுவின் நெஞ்சைப் பிளந்தது. ஐம்பதில் முப்பத்தொன்றை ஊர்சுற்றி வென்றான். கணக்குப்பிள்ளைக்கு எட்டு, மிச்சம் சமநிலை. தோற்ற விதம் அதைவிடக் கொடுமை. கணக்குப்பிள்ளை அழகாக ஆடிக்கொண்டே வருவான். ராணிக்கு ஆபத்து, யானைக்கு அடி என்று நெருக்கடி முற்றும் ஒரு கட்டத்தில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இடது ஓரத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் நிற்கும் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைப்பான். அடுத்த நகர்வில் ராணி போய்விடும். அதன் பிறகு ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

அதே நிலைகளை மாலையில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை சமர்த்தாக ராணியைக் காப்பாற்றினான். பகலில் தள்ளிய சிப்பாயை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வழிகாட்டியான பேராசிரியர் சக்கரவர்த்தியிடம் போய் இதைச் சொன்னார். சக்கரவர்த்திக்கு ஆய்வில் இரண்டே கவலைகள்: முடிவு ஒன்று இருக்க வேண்டும், அதற்குப் பெயர் ஒன்று இருக்க வேண்டும்.

“எது ஜெயிச்சா என்னய்யா? மேலன்னு இருக்கிற எடத்துல கீழன்னு மாத்து. முன்னுரை அப்படியே இருக்கட்டும்.”

“அந்தச் சிப்பாய் சார்… ஏன் தள்ளுதுன்னே தெரியல. திருப்பி ஓட்டுனா தள்ள மாட்டேங்குது.”

சக்கரவர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அது ஒரு விளைவு! நிலையில்லாத விளைவு. நெருக்கடியில ஆல்ஃபா-பீட்டா கண்ண மூடிக்குது. ஓரச் சிப்பாய் விளைவு! இதுக்குத் தனி அத்தியாயம் போடு.”

“சரிபார்க்க முடியாதே சார்?”

“அதுதான்யா நல்லது. வேற எவனாலயும் முடியாது.”

வல்லரசு அந்த அத்தியாயத்தை எழுதினார். தாம் ஒன்பதாண்டு வளர்த்த கணக்குப்பிள்ளை நெருக்கடியில் புத்தி பேதலிப்பவன் என்று பட விளக்கங்களுடன் எழுதியபோது, சொந்தப் பிள்ளைமீது காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர்போலக் கூசினார். ஆனால் ஆய்வேட்டிலேயே பலராலும் பாராட்டப்பட்டது அதுதான். சக்கரவர்த்தி இரண்டு கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசிச் சால்வை வாங்கிக்கொண்டார். சென்னையிலிருந்து புறத்தேர்வாளர் பேராசிரியர் ரேணுகாம்பாள் அனுப்பிய அறிக்கையும், “ஐந்தாம் அத்தியாயம் புதுமையானது, சில எழுத்துப் பிழைகளைத் திருத்துக” என்றது. வாய்மொழித் தேர்வு ஆடிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. ஆடியில் எந்த மடையன் தேதி வைப்பான் என்று இராமலிங்கம் பல்கலைக்கழகத்தைக் கடிந்துகொண்டார். இருப்பினும் ஆவணிக்கு முன்னால் என்பதால் பொறுத்துக்கொண்டார்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வல்லரசு விடுப்பில் இருந்தார். தேர்வாளர் முன்னிலையில் காட்டுவதற்கென மாதிரி ஆட்டம் ஒன்றைக் காலையிலேயே ஓடவிட்டு, பத்தேகாலுக்குக் குளிக்கப் போனார். அரை மணி கழித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் மடிக்கணினி மூடிக் கிடந்தது. அதன்மேல் இராமலிங்கத்தின் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது.

“மாமா, லேப்டாப்ப யாரு மூடுனது?”

“நான்தான் மாப்ள. மணி பத்தரை ஆயிடுச்சுல்ல? வெள்ளிக்கிழம.”

“வெள்ளிக்கிழமன்னா?”

“பத்தரைலேருந்து பன்னண்டு ராகு காலம். இம்மாம் படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியலன்னா எப்டி?”

“ஓடிக்கிட்டு இருந்துச்சே மாமா!”

“அதான் மூடுனேன். சும்மா கெடந்தா எதுக்கு மூடப் போறேன்?”

வல்லரசுவின் தலையிலிருந்து சொட்டிய நீர் அப்படியே நின்றுவிட்டதுபோல இருந்தது. “இத… இதுக்கு முன்னாலயும் மூடியிருக்கீங்களா?”

“முன்னாலயும்னா? நீங்க போட்டி ஆரம்பிச்சதுலேருந்து ஒரு நாள் தவறல. நான் ராகு காலத்துல வெளியே காலெடுத்து வைக்க மாட்டேன், வீட்லதான இருக்கேன். புள்ள பட்டத்துக்கு நடக்குற காரியம், ராகு காலத்துல ஓடலாமா? அணைக்கலியே, மூடித்தான் வெச்சேன். முடிஞ்சதும் தொறந்து விட்டா, அதுபாட்டுக்கு விட்ட எடத்துலேருந்து ஓடுது.”

“எமகண்டத்துக்கும் மூடுனீங்களா?”

“அதுக்கும் மூடுனா அது எப்பத்தான் வெளாடும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க மாப்ள.”

வல்லரசு கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்துவிட்டு மூடியைத் திறந்தார். திரை விழித்தது. அவர் கண் முன்னாலேயே கணக்குப்பிள்ளை, ஆபத்திலிருந்த யானையை விட்டுவிட்டு ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

அப்போதுதான் எட்டாண்டுகளுக்கு முன் தாம் எழுதிய ஒற்றை வரி நினைவுக்கு வந்தது. ஊர்சுற்றியிடம் எந்த நொடியில் எழுப்பிக் கேட்டாலும் அதுவரை கூட்டி வைத்த ஒரு பதில் இருக்கும். கணக்குப்பிள்ளை அப்படியல்ல, கணக்கு முடியாமல் வாய் திறக்கக் கூடாது என்பது வல்லரசு அவனுக்கு இட்ட கட்டளை. பத்து நிமிடமும் தீர்ந்து கணக்கு முடியாவிட்டால்? அப்படி நேரவே நேராது என்ற துணிவில், ஆடக்கூடிய நகர்வுகளின் பட்டியலில் முதலாவதாக இருப்பதை ஆடிவிட்டுப் போ என்று ஒரு வரி போட்டிருந்தார். பட்டியலில் முதலாவது, இடது ஓரச் சிப்பாய். மூடிக் கிடந்த நேரத்தில் கணினி உறங்கியது, கடிகாரம் உறங்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தவனை ஒன்றரை மணி நேரம் மூடிவைத்து எழுப்பினால், பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருக்கும். ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் ஆராய்ந்து நிறுவியது ராகு காலத்தை.

உடனே சக்கரவர்த்தியைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், ஓரச் சிப்பாய் விளைவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல.”

“என்னய்யா ஒளர்ற? அதுக்கு எனக்கு ரெண்டு சால்வ போட்டுருக்காங்க.”

“எங்க மாமா மூடியிருக்கார் சார்.”

“எதை?”

வல்லரசு விவரித்தார். மறுமுனையில் அறைக் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

“இத யாருகிட்டயும் சொல்லாத. உங்க மாமாகிட்டயும் சொல்லாத.”

“அவருதான் சார் மூடுனாரு.”

“மூடுனாருல்ல? இதையும் மூடச் சொல்லு. அறிக்க நல்லா வந்துடுச்சு. திங்கக்கிழம நாப்பது நிமிஷம். கேள்வி வந்தா தண்ணி குடி. மீதிய நான் பாத்துக்கறேன்.”

கவிநிலாவிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “சொல்லிட்டா என்ன ஆவும்?” என்று கேட்டார்.

“திருப்பி ஓட்டச் சொல்வாங்க. ஆவணிக்குள்ள ஆவாது.”

“சொல்லலன்னா?”

“திங்கக்கிழமையே முனைவர்.”

“அப்ப உங்களுக்கு எத செஞ்சா தூக்கம் வருமோ அத செய்யுங்க. பத்திரிகைய நான் பாத்துக்கறேன். கூப்பிட்டவங்க சாப்பாட்டுக்குத்தான் வராங்க.”

தூக்கத்தை முன்னிட்டு வல்லரசு முடிவெடுக்கவில்லை. உண்மையின்மேல் கொண்ட பற்றினால் எடுத்தார் என்று எழுதினால் அது மிகை. வழக்கம்போல எதிரியின் மிகச் சிறந்த நகர்வு எது என்று யோசித்தார். ரேணுகாம்பாள் ஐந்தாம் அத்தியாயத்தை வரி வரியாகப் படித்திருப்பார். ஆட்டப் பதிவுகளில் நகர்வுகளின் நேரத்தைப் பார்த்திருப்பார். ஒரு நகர்வுக்குத் தொண்ணூறு நிமிடம் ஆன விந்தையைக் கண்டிருப்பார். திங்கட்கிழமைகளில் அது காலையில், வெள்ளிக்கிழமைகளில் நடுப்பகலுக்கு முன் என்று அட்டவணைகூடப் போட்டிருப்பார். அறிக்கையில் பாராட்டியதே சபையில் வைத்து அடிப்பதற்காகத்தான். அவர் கேட்டு அம்பலப்படுவதைவிட, கேட்கும் முன்னால் தாமே சொல்லிவிடுவது குறைந்த சேதம். இப்படி எண்ணி, மற்ற கிளையை வெட்டிவிட்டார்.

திங்கட்கிழமை கருத்தரங்க அறையில், விடுப்பு எடுக்க முடியாத சக ஆசிரியர்களும், முன் வரிசையில் வெள்ளை வேட்டியில் இராமலிங்கமும் அமர்ந்திருந்தார்கள். வல்லரசு பேசி முடித்தார். சக்கரவர்த்தி, “மேடம், கேள்விகள்?” என்றார்.

ரேணுகாம்பாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நல்ல வேலை. எனக்கு ஒரே ஒரு கேள்வி. கோயில் நடை மதியம் எத்தன மணிக்குச் சாத்துவாங்க?”

அறையில் இருந்தவர்கள் எழுந்திருக்கத் தயாரானார்கள். இது பொறி என்று வல்லரசுவுக்கு உடனே புரிந்துவிட்டது.

“மேடம், நீங்க எதுக்கு நேரத்தப் பத்திக் கேக்கறீங்கன்னு தெரியுது. நானே சொல்லிடறேன்.”

சக்கரவர்த்தி தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் தள்ளினார். வல்லரசு அதைக் குடிக்கவில்லை. மூடியைப் பற்றியும், ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியும், அந்த ஒற்றை வரியைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னார். ஐந்தாம் அத்தியாயம் தவறு, போட்டியின் முடிவும் செல்லாது என்று முடித்தார். கடைசி வரிசையில் ஒருவர் விக்கினார். முன் வரிசையில் இராமலிங்கம் எழுந்து நின்று, “அணைக்கலிங்க மேடம், மூடித்தான் வெச்சேன்” என்று பதிவு செய்தார்.

ரேணுகாம்பாள் முதன்முறையாக ஆய்வேட்டைத் திறந்தார். அதன் பக்கங்கள் புதிதாகையால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“என்னங்க இப்டிப் பண்ணிட்டீங்க?” என்றார் அவர், கோபத்தைவிட வருத்தமே மிகுந்த குரலில். “நான் கோயிலுக்குத்தான் கேட்டேன். இவ்ளோ பேர் முன்னாடி நீங்களே செல்லாதுன்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படிக் கையெழுத்து போடறது?”

ஆறு மாத அவகாசம். போட்டியை மறுபடி நடத்தி, திருத்தி, மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு அவரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் வல்லரசுவிடமே வந்தது. ஆட்டோவில் போகும்போது அவர், “மூணு மாசமா உங்க தீசிஸ் என் பையிலயே இருக்கு. நேத்து பஸ்ல படிக்கலாம்னு எடுத்தேன், செங்கல்பட்டுலயே தூங்கிட்டேன்” என்றார். வல்லரசு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுத்தார்.

வீட்டில் இராமலிங்கம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “சட்டப்படி பாத்தா, பத்திரிகைல போட்டது அச்சுப் பிழை. அச்சுப் பிழைக்கு வீட்டுக்காரன் பொறுப்பில்ல” என்று தீர்ப்புச் சொன்னார். வல்லரசு ஒப்பவில்லை.

ஆவணியில் வேங்கிக்கால் வீட்டு வாசலில், புது வேட்டி சலசலக்க நின்றுகொண்டு, “வணக்கம் முனைவரே” என்று வந்த ஒவ்வொருவரிடமும், “இன்னும் ஆவலிங்க, ஆறு மாசம் ஆவும்” என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் காதில் வாங்காமல் பந்திக்குப் போனார்கள். சிலர், “அதனால என்ன, போட்டது போட்டதுதான்” என்று தேற்றினார்கள். தண்டராம்பட்டிலிருந்து வந்த பெரியப்பா முறைக்காரர் கோதண்டராமன் மட்டும் நின்று முழுவதையும் கேட்டார். காது மந்தமாகையால் இரண்டு முறை கேட்டார்.

“அப்ப இன்னிக்கு நீ டாக்டரு இல்ல?”

“இல்ல பெரிப்பா.”

“மாசியில ஆவ?”

“ஆனா உண்டு. சரியா ஓட்டுனா எது ஜெயிக்கும்னு இப்ப சொல்ல முடியாது.”

“ஆனா அதுக்கும் ஒரு சாப்பாடு போடுவ இல்ல?”

வல்லரசு தம் வழக்கப்படி யோசிக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து கவிநிலா, “போடுவோம் மாமா, கண்டிப்பா வாங்க” என்று குரல் கொடுத்தார்.

“அப்ப இப்பவே சொல்லிடறேன், அந்த சமையக்காரன மாத்துங்க. இன்னிக்கு வடகறில உப்பு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுக் கோதண்டராமன் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.